இடுப்பில் முப்பத்தொரு சாவி

அந்தக் குடியிருப்பில் போய் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லாரும் விழிப்பார்கள். தாழ்ப்பாள் என்று கேளுங்கள், இருபத்துநான்கு வீட்டுக்காரர்களும் கீழே இருக்கும் மூன்று கடைக்காரர்களும் வாசல்வரை வந்து கைகாட்டுவார்கள். அந்தப் பெயரை வைத்தவர் தையல்கடைக்காரர். அவர் கடையைப் பூட்டிவிட்டு நாலு அடி போவதற்குள் இவள் பின்னாலேயே வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள்.

"ஏம்மா, நான் பூட்டினதுல உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"உங்களை நம்புறேண்ணா. பூட்டைத்தான் நம்பமாட்டேன்."

காவல் வேலைக்கு வருமுன் பதினோரு வருடம் துணி ஆலையில் சரிபார்க்கும் பிரிவில் இருந்தவள். ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தால் தப்பிய தையல் எங்கே என்று கண் தானாகப் போய் நிற்கும். அந்த ஆலை அவளுக்குக் கண்ணைக் கொடுத்துக் காதைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. முந்நூறு மிஷின் நடுவில் பதினோரு வருடம் நின்றவளுக்குச் சின்னச் சின்னச் சத்தம் எல்லாம் இப்போது எட்டுவதில்லை. அதைக் குறையாக அவள் நினைத்ததே கிடையாது. "கண்ணு இருக்கே, போதாதா?" என்பாள்.

அவள் வருமுன் அந்த இடம் இருந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். சுவரெல்லாம் கரிக்கட்டியால் கிறுக்கல். அச்சகத்து ஷட்டர் உதை வாங்கி வாங்கி நெளிந்து கிடந்தது. மாடிப்படி விளக்குகளை யாரோ கல்லால் குறிபார்த்துப் பழகியிருந்தார்கள். பைக் சீட்டுகளில் பிளேடு கிழிசல். முன்பிருந்த காவலர் பாவம், நாற்காலியில் உட்கார்ந்தால் கும்பகர்ணன்தான். இவள் வந்த முதல் நாளே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு சுற்றி முப்பத்தெட்டு சேதம் எழுதினாள், எழுதியதைச் செக்ரட்டரி மேஜையில் வைத்தாள், சரிசெய்யும்வரை அந்த மனிதரை உட்கார விடவில்லை.

சுவரில் யாராவது எழுதினால் மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெயிண்ட் டப்பாவோடு நிற்பாள். "கிறுக்குறவனுக்கு நாலு பேர் பார்க்கணும். பார்க்க ஆளில்லன்னா அவனுக்கே சப்புன்னு போயிடும்," என்பது அவள் கணக்கு. நாலு மாதத்தில் கிறுக்கல் நின்றது. அச்சகத்து ஷட்டருக்கு முன்னால் ஒரு சிமெண்ட் பெஞ்சைப் போடச் சொன்னாள். ஆள் உட்கார்ந்து பேசும் இடத்தில் எவன் வந்து உதைப்பான்? பைக்குகளைத் தன் நாற்காலியைப் பார்த்தபடி வரிசையாக நிறுத்த வைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, மூன்று வருடம் அந்த வாசலுக்குள் ஒரு கண்ணாடி உடையவில்லை. பக்கத்துக் குடியிருப்புக் காவலர்களே அவளிடம் வந்து யோசனை கேட்டார்கள், அவளும் கொஞ்சம் தலையைத் தூக்கித்தான் நடந்தாள்.

இப்படி இருக்கும்போது வாளியால் வந்தது வினை.

வாளி என்பது கார் கழுவ வரும் ஆள். அந்தத் தெருவில் நாலு குடியிருப்புக்குப் போவான். கையில் எப்போதும் பச்சை வாளி, வாயில் எப்போதும் பாட்டு. கார் துடைப்பதில் கெட்டிக்காரன், கதவு சாத்துவதில் சோம்பேறி. "வாளி, கதவு!" என்று ஒரு நாளைக்கு ஐந்து முறை இவள் கத்த வேண்டும். "இதோ அக்கா, ரெண்டே நிமிஷம்," என்பான்.

அந்த ரெண்டு நிமிடத்தில்தான் ஒரு மத்தியானம் நடந்தது. இவள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போயிருந்தாள். வாளி அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக் கதவைத் திறந்தபடியே விட்டுப் போனான். தெருவில் வம்பு தேடிக்கொண்டு வந்த மூன்று தடியன்கள் உள்ளே நுழைந்து ஆறு கார்களின் பக்கக் கண்ணாடியை உடைத்து, தபால் பெட்டிகளை மிதித்து, போகிற போக்கில் முற்றத்துக் குழாயை உதைத்து முறித்துவிட்டு ஓடிவிட்டார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வால்வை மூட மோட்டார் அறையைத் திறக்க வேண்டும். அந்தச் சாவி அலுவலக மேஜை டிராயரில், அடையாளம் எதுவும் இல்லாத முப்பத்தொரு சாவிகளில் ஒன்றாகக் கிடந்தது. சரியானதைக் கண்டுபிடிப்பதற்குள் மருந்துக்கடைக்குள் கணுக்கால் தண்ணீர்.

அன்று சாயங்காலமே அவள் மூன்று காரியம் செய்தாள். வாளியை இனி உள்ளே விடுவதில்லை என்றாள். பன்னிரண்டு கார்களையும் மூக்கு சுவரைப் பார்த்தபடி, ஒன்றோடொன்று நெருக்கி நிறுத்த வைத்தாள். "இனிமே ரெண்டு வண்டிக்கு நடுவுல ஒரு ஆள் நுழைய முடியாது. என்னைத் தவிர!" என்று தன் ஒல்லி உடம்பைத் தட்டிக் காட்டினாள். மூன்றாவதாக, முப்பத்தொரு சாவிக்கும் சீட்டுக் கட்டி, ஒரு பெரிய இரும்பு வளையத்தில் கோத்து, பெல்ட்டின் வலப்பக்கம் மாட்டிக்கொண்டாள். நடந்தால் ஜல் ஜல் என்று சத்தம் வரும். "அந்தச் சத்தம் கேட்டாதான் எனக்கு மத்தியானம் கண்ணு சொக்குது," என்று இரண்டாம் மாடி அம்மாள் ஒருவர் சொன்னதில் அவளுக்கு ஒரே பெருமை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. செக்ரட்டரியின் புதுக் காரில் ஒரு கீறல். கதவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நூல் பிடித்த மாதிரி. அடுத்த வாரம் இன்னும் இரண்டு கார்களில். அப்புறம் நாலு. இரண்டு மாதத்தில் பதினோரு கார்கள். தூணை ஒட்டி முதலில் நின்ற மருந்துக்கடைக்காரர் கார் ஒன்றுதான் தப்பியது. "யோவ், நீதான் கீறிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி மாத்திரை எண்ணிட்டு இருக்கியா?" என்று தையல்கடைக்காரர் கேலி செய்ய, அவர் நிஜமாகவே கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை.

செக்ரட்டரி நாலு கேமரா மாட்டினார். பத்து நாள் படத்தையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு ஈ காக்கா இல்லை. காலையும் மாலையுமாகச் சாவியைக் குலுக்கிக்கொண்டு சுற்றி வருகிற தாழ்ப்பாள் மட்டும்தான். "பாருங்க, ஒரு நாளைக்கு நாலு ரவுண்டு! இந்தம்மா மாதிரி யார் வேலை பாக்குறா?" என்று செக்ரட்டரி மெச்சிக்கொண்டார். கடவுளே, கண்ணுக்கு முன்னால் படம் ஓடுகிறது, எல்லாரும் பார்க்கிறார்கள், ஒருவருக்காவது உறைக்க வேண்டுமே!

யார் செய்திருப்பார்கள் என்று கேட்டபோது தாழ்ப்பாள் யோசிக்கவே இல்லை.

"வாளிதான் சார். நான் வெளிய அனுப்பின வாரமே ஆரம்பிச்சிருக்கு. இந்த இடத்துல எந்த மூலை யார் கண்ணுலயும் படாதுன்னு அவனுக்குத்தான் தெரியும். பதினோரு வருஷம் தையல்ல தப்பு புடிச்ச கண்ணு சார் இது."

அதோடு விட்டாளா? தெருவிலுள்ள காவலர்கள் சேர்ந்து வைத்திருந்த போன் குழுவில், வாளி கார்களைக் கீறுகிறான், உஷார், என்று தன் குரலிலேயே பேசி அனுப்பினாள். அரை நிமிடச் சமாச்சாரம். மறுநாளே மற்ற மூன்று குடியிருப்புகளின் கதவும் அவனுக்குச் சாத்தப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் கூட்டி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அவன்மேல் போலீஸில் புகார் கொடுப்பது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலை வாளி வாசலுக்கு வந்தான். கையில் வாளி இல்லை, வாயில் பாட்டும் இல்லை.

"அக்கா, கதவைச் சாத்தாம போனது என் தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா நான் கார்ல கீறுவேனா? ஒரு பறவை எச்சம் போட்டாலே எனக்கு மனசு கேக்காதுக்கா."

"அதெல்லாம் நாளைக்கு பத்து மணிக்கு வந்து சொல்லு."

"மூணு வாசலும் போச்சு. போலீஸ்ல பேரு விழுந்துட்டா இந்த ஊர்ல எந்த வாசல்லயும் என்னை நிக்க விடமாட்டாங்க. வேற தொழில் எனக்குத் தெரியாதுக்கா. வீட்டுல சின்னப் பொண்ணுக்கு நான் என்ன சொல்வேன்?"

தாழ்ப்பாள் கம்பிக்கதவை அவன் முகத்துக்கு நேராகச் சாத்திக் கொக்கியைப் போட்டாள். போட்டபின் வழக்கம்போல ஒருமுறை இழுத்தும் பார்த்தாள். செய்தது சரி என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை.

அன்று அரைநாள் வேலை. மத்தியானம் வீட்டுக்குப் போனால் அவள் கணவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஒரு தொழிற்சாலை உணவகத்தில் சமையல் செய்கிறவர். சனிக்கிழமை அவருக்கு விடுமுறை, விடுமுறையில் துவைப்பது அவர் முறை. ஊறவைத்த சீருடைப் பேண்ட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"இந்தா தாழ்ப்பாளே, இங்க வா. காவல் வேலைக்குப் போறியா, இல்ல சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போறியா?"

"ஏன், என்னாச்சு?"

"ரெண்டு மாசமா பாக்குறேன். வலது பக்க இடுப்புல மட்டும் கலர் கலரா பொடி. சிவப்பு, வெள்ளை, நீலம். இடது பக்கம் சுத்தமா இருக்கு. எங்கதான் போய் உரசுற?"

அவள் சிரித்துக்கொண்டேதான் கிட்டே போனாள். துணியைக் கையில் வாங்கியதும் பழைய ஆலைக்கண் திறந்துகொண்டது. பெல்ட் பட்டைக்கு நாலு விரல் கீழே, சாவிக்கொத்து தொங்கும் இடத்தில் கறை. சிவப்பு, இரண்டாம் மாடி அம்மாளின் கார். நீலம், அச்சகத்துக்காரர். அந்தப் பளபளக்கும் வெள்ளை செக்ரட்டரியுடையது, வேறு எதுவாகவும் இருக்க முடியாது. ஆணியில் மாட்டியிருந்த சாவிக்கொத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சாவிப் பற்களின் இடுக்கில் அதே மூன்று நிறமும் ஒட்டிக் கிடந்தது.

பேண்ட்டையும் சாவியையும் கீழே வைத்துவிட்டு அவள் நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

மனசுக்குள் தன் சுற்றைத் தானே நடந்து பார்த்தாள். ஒவ்வொரு இடுக்காக நுழைகிறாள். இடது கையால் இடப்பக்கக் காரின் கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறாள். அப்போது வலது இடுப்பு எங்கே இருக்கும்? வலப்பக்கக் காரின் கதவோடு ஒட்டி. திரும்ப இடம் இல்லாததால் பின்னாலேயே நடந்து வெளியே வருவாள், மறுபடியும் அதே கதவோடு. ஒரு நாளைக்கு நாலு சுற்று, இரண்டு மாதம். முதல் கார் தூணை ஒட்டி நின்றது, அதற்கு இடப்பக்கம் நுழைய வழியே கிடையாது, அதனால்தான் அது தப்பியது. சத்தம் ஏன் கேட்கவில்லை என்று தன்னைத் தானே கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒரு ஆள் நுழைய முடியாது, என்னைத் தவிர என்று மார்தட்டியது யார்?

"வேலியே பயிரை மேஞ்சிருக்குங்க," என்றாள். "கீறினது நான்தான்."

விஷயத்தைக் கேட்ட கணவர் கையிலிருந்த துணியைப் பிழிந்து வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"யாருக்குத் தெரியும்? சாவியை நாளையிலேர்ந்து பெட்டியில வச்சுடு. கீறல் நின்னுடும். போலீஸ் புகார் வேணாம், பாவம் பொழச்சுப் போகட்டும்னு நீயே பெரிய மனசு பண்ணி சொல்லிடு. அவனும் தப்பிச்சான், நீயும் தப்பிச்ச."

"அவன் எங்க தப்பிச்சான்? பயந்து நிறுத்திட்டான்னுதானே எல்லாரும் சொல்வாங்க? சாகுற வரைக்கும் கீறினவன்னு பேரு அவனுக்கு. சுத்தமானவன்னு பேரு எனக்கா?" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கோபமும். "காலையிலதாங்க அவன் மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தினேன். சாத்திட்டு இழுத்து வேற பார்த்தேன்!"

"வேலை போயிடும்டி."

"போனா போகுது. இந்தக் கையில பொய்யை வச்சுக்கிட்டு நாளைக்கு எவன் பூட்டை இழுத்துப் பாப்பேன்?"

அவர் கீழே கிடந்த பேண்ட்டை எடுத்து மறுபடி வாளித் தண்ணீரில் முக்கப் போனார். அவள் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். "துவைக்காதீங்க. நாளைக்கு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு கார் நிறுத்தும் இடத்திலேயே நாற்காலி போட்டுக் கூட்டம். செக்ரட்டரி புகாரைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். கதவுக்கு வெளியே வாளி நின்றுகொண்டிருந்தான், உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. தாழ்ப்பாள் போய்க் கொக்கியை எடுத்து, "உள்ள வா," என்றாள். அவன் தயங்கித் தயங்கி வந்து தூண் ஓரமாக நின்றான்.

அவள் நேரே தையல்கடைக்காரரிடம் போனாள். "அண்ணா, துணியில கோடு போடுற நீலச் சாக்பீஸ் ஒண்ணு குடுங்க."

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி, பழைய துணியை நாலு மடிப்பாக அதன்மேல் சுற்றிக் கட்டினாள். கார்களுக்கு வலிக்கக் கூடாதல்லவா! துணிமேல் நீலச் சாக்பீஸை அழுந்தத் தேய்த்தாள். பழையபடி பெல்ட்டில் மாட்டிக்கொண்டாள்.

"என்னம்மா வேடிக்கை இது? கூட்டத்துக்கு நேரமாகுது," என்றார் செக்ரட்டரி.

"குத்தவாளியைப் புடிச்சுட்டேன் சார். ரெண்டு நிமிஷம் எல்லாரும் இங்க பாருங்க."

முதல் இடுக்கில் நுழைந்தாள். தினமும் நடக்கிற மாதிரியே நடந்தாள். இடது கை கைப்பிடியை இழுத்தது. சுவரைத் தொட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்து வெளியே வந்தாள். அடுத்த இடுக்கு. அதற்கடுத்தது. பதினோரு இடுக்கும் முடிந்து வெளியே வந்து நின்றபோது, பதினோரு கார்களின் இடப்பக்கமும் ஒரு நீலக் கோடு. ஒவ்வொரு கோடும் பழைய கீறலின் மேலேயே விழுந்திருந்தது. செக்ரட்டரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து அவள் இடுப்பைப் பார்த்தார்.

வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த துவைக்காத பேண்ட்டை மேஜைமேல் விரித்தாள். "இது உங்க வெள்ளை சார். இது அம்மாவோட சிவப்பு. வாளி ஒரு வண்டியையும் தொடலை. கீறினது நான். தெரியாமதான் கீறினேன். ஆனா அவன் பேரைச் சொன்னது தெரிஞ்சேதான் சொன்னேன். கண்ணால பாக்காததைப் பாத்த மாதிரி சொன்னேன். அது கீறலைவிடப் பெரிய தப்பு."

எல்லாரும் சேர்ந்து பேச ஆரம்பித்தார்கள். காவலுக்கு வைத்தவளே இப்படியா என்று ஒருவர் எகிறினார். மருந்துக்கடைக்காரர் மட்டும், "இப்பவாவது தெரிஞ்சுதா நான் இல்லன்னு?" என்று தையல்கடைக்காரரை முறைத்தார். செக்ரட்டரி கையமர்த்தினார்.

"உங்களை என்ன பண்றதுன்னு கமிட்டி பேசி முடிவு பண்ணும்மா."

"பண்ணுங்க சார். வேணாம்னா போறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மணிநேரம் வேணும். வாளி, வா என்கூட."

வாளி அசையவில்லை. "எங்கக்கா?"

"மூணு வாசல் இருக்குல்ல?"

உச்சி வெயிலில் இருவரும் தெருவில் நடந்தார்கள். முதல் வாசலில் சொன்னாள், இரண்டாம் வாசலில் சொன்னாள். சொல்லும்போது காவலரைப் பார்த்துச் சொன்னாள், தலையைக் குனியவில்லை. வாளி நாலடி தள்ளி, தனக்குச் சம்பந்தமில்லாதவன் மாதிரி நின்றான். மூன்றாம் வாசல் காவலர் நல்ல மனிதர், அவளிடம் யோசனை கேட்டு வந்தவர்களில் ஒருவர். அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"இதுக்குப் போயி வெயில்ல நடந்து வரணுமா? குழுவுல ஒரு வார்த்தை பேசிப் போட்டிருந்தா போதாதா?"

"அவன்மேல பழி போட அரை நிமிஷம் போதுமா இருந்துச்சுண்ணா. அதை எடுக்க நடந்துதான் வரணும்," என்றாள் தாழ்ப்பாள்.

அதுவரை வாயைத் திறக்காத வாளி அங்கேதான் மூக்கை உறிஞ்சினான். சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். திரும்பி வரும் வழியில் அவள், "என்னை மன்னிச்சுடுப்பா," என்றாள். தெருமுனையில் பிரியும்போது அவன் சொன்னான்.

"நாளைக்கு ஆறு மணிக்கு வருவேன். எல்லா வண்டியிலயும் நீலச் சாக்பீஸ் அப்பி வச்சிருக்கீங்க. அதை வேற நான்தான் துடைக்கணும்."

கமிட்டி அவளை வைத்துக்கொண்டது. இரண்டாம் மாடி அம்மாள்தான் முதலில் கைதூக்கியதாகச் சொல்கிறார்கள். சாவிகள் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில், எண் போட்ட ஆணிகளில் தொங்கின. கார்களின் இடைவெளி ஒரு முழம் அகலமாயிற்று. விடுமுறை நாட்களில் அவளே மெருகுக் களிம்பை வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஏழு கார்களின் கீறலைப் போக்கினாள். ஆழமான நாலு போகவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. மறுநாள் திங்கட்கிழமை காலை ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, காவல் வேலைக்கு வந்த நாளிலிருந்து செய்யாத ஒரு காரியத்தை அவள் செய்தாள். கம்பிக்கதவை அகலத் திறந்து வைத்து, இடுப்பில் ஒன்றும் இல்லாமல், பக்கத்தில் நின்றாள். தெருவில் வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆறு மணிக்குப் பச்சை வாளி வந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து வாளியைக் கீழே வைத்தான். திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினான். கொக்கியைப் போட்டான். போட்டுவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.